விரதம் என்று மொழிபெயர்த்தேன்

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நோயைச் சொல்ல முதல் மருந்தைச் சொல்லிவிடுவார்கள். "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ மிஸ்ஸி, எழும்பிடுவா." முப்பத்துநாலு வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் பெண்கள் மருத்துவ விடுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் நானே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது அதைப்பற்றித்தான்.

புது நியமனம் கிடைத்து வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் குறைவு. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள், ஏச்சுத்தான் கூட என்று. ஊசி போடுவதையும் நாளம் பிடிப்பதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட வடிவாகச் செய்வீர்கள். நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். அதை நீங்கள் விடாமல் இருந்தால் போதும்.

உடல் எடையைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற சத்திரசிகிச்சை இப்போது எங்கள் சனமும் செய்துகொள்கிறது. கொழும்பில் செய்கிறார்கள், இந்தியாவில் செய்கிறார்கள், வெளிநாட்டில் இருந்து லீவில் வருகிறவர்கள் அங்கேயே செய்துகொண்டு வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் சுகமாகத்தான் இருக்கிறார்கள். சீனி வருத்தம் குறைகிறது, முழங்கால் நோ குறைகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அது எங்காவது பிசகினால் அவர்கள் வந்து சேருவது எங்கள் விடுதிக்குத்தான். வரும்போது அந்தப் பெயரோடு வரமாட்டார்கள். வாய்வு என்று வருவார்கள், களைப்பு என்று வருவார்கள். ஒருத்தி விரதம் என்று வந்தாள்.

நான் ஓய்வுபெற முந்திய வருடம் அது. கந்தசஷ்டியின் நாலாம் நாள் காலை. வெளிநோயாளர் பிரிவில் இருந்து சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேண்டாம். முப்பத்தொரு வயது. நீர்வேலிக்காரி, அச்சுவேலியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூசன் எடுக்கிறவள். பெரிய உடம்பு. நாக்கு வறண்டு, நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வாந்தி எடுக்க மடியில் ஒரு சின்ன வாளியை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் தாய், நெற்றி நிறைய விபூதியோடு.

அப்போது எங்கள் விடுதியில் தெற்கே காலிப் பக்கத்துச் சிங்கள இளம் டொக்டர் ஒருவர் பயிற்சிக்கு இருந்தார். நல்ல பிள்ளை. தமிழ் மட்டும் 'சத்தி', 'வயித்துக்குத்து', 'மூச்சை இழுங்கோ' என்கிற அளவில் நின்றுவிட்டது. அவர் கேட்பதை நான் தமிழில் கேட்பேன், அவர்கள் சொல்வதை நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். இப்படி ஒரு நாளைக்கு இருபது பேருக்கு நடக்கும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நான் இல்லாவிட்டால் டொக்டருக்கு வாயும் இல்லை காதும் இல்லை என்ற நினைப்பு.

எத்தனை நாளாகச் சத்தி என்று டொக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன். தாய் சொன்னா, "விரதம் மிஸ்ஸி. கந்தசட்டி. பால் மட்டும்தான் குடிக்கிறவ. வெறும் வயிறு, அதுதான் பிரட்டுது."

தர்ஷினி தலையை நிமிர்த்தி, "அம்மா..." என்று ஏதோ தொடங்கினாள். தாய் அவளின் கையைப் பிடித்து அமத்தி, நீ கதையாதை பிள்ளை, களைச்சுப்போவாய் என்றா.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த ஆறு நாளும் நானும் விரதம். பதினெட்டு வருடமாகக் கந்தசஷ்டி பிடிக்கிறேன். பின்னேரம் ஒரு கிளாஸ் பாலும் பழமும், அவ்வளவுதான். அதோடு நின்று வேலையும் செய்வேன். சிற்றூழியர் முதல் பெரிய டொக்டரான கன்சல்டன் வரை எல்லாருக்கும் அது தெரியும், தெரியவேண்டும் என்றுதான் எனக்கும் விருப்பம். ஆகவே விரதம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் எனக்குப் பாசம் வந்தது.

டொக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு நாள் வெறும் பாலோடு ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்டார். நான் சிரித்தேன். நானும் நாலு நாளாக அப்படித்தான், உங்களுக்கு முன்னால் நிற்கிறேனே என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்து, சத்திரசிகிச்சை ஏதும் செய்ததா என்று கேட்கச் சொன்னார். தாய் நிலத்தைப் பார்த்தபடி, பித்தப்பையில் கல்லு, போன வருடம் கொழும்பில் எடுத்தது என்றா. டொக்டர் வயிற்றைப் பார்த்தார். சின்னச் சின்னத் துளைத் தழும்புகள் நாலைந்து. பித்தப்பைக்கும் அப்படித்தான் இருக்கும். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆனாலும் பேனாவை எடுத்துவிட்டு எழுதாமல் நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அங்கே இன்னும் ஆறு பேர் கட்டிலுக்குக் காத்திருக்கிறார்கள். "விரதக்காரி டொக்டர். ஒரு சேலைன் ஏத்தினால் எழும்பி ஓடுவா" என்றேன். அவர் வந்து மூன்று மாதம், நான் முப்பத்துமூன்று வருடம். அவர் எழுதினார். ரிக்கற் என்று நாங்கள் சொல்கிற நோயாளியின் பதிவேட்டில், வரலாறு என்கிற இடத்தில், சமய விரதம், நாலு நாள் என்று எழுதினார். கீழே குளுக்கோஸ் சேலைன் என்று எழுதினார். போத்தலைத் தாதிப் பிள்ளை ஒருத்தி தொங்கவிட்டிருக்கலாம். நானே போய்த் தொங்கவிட்டேன், விரதக்காரிக்கு விரதக்காரி செய்கிற உபகாரம் என்று.

நீங்கள் கேட்கலாம், அதில் என்ன பிழை என்று. சொல்கிறேன். தயமின் என்று ஒரு விற்றமின் இருக்கிறது. உடம்பு அதைச் சில கிழமைக்குமேல் சேர்த்து வைத்திருக்காது. சாப்பாடு தங்காமல் நாள்கணக்காகச் சத்தி எடுப்பவருக்கு அது வற்றிவிடும். அப்படி வற்றியிருக்கிற உடம்புக்குள் குளுக்கோஸை மட்டும் விட்டால், அதை எரிப்பதற்காக மிச்சம்மீதி இருக்கிற தயமினும் செலவாகிப்போகும். அடி விழுவது மூளைக்கு. முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. குடியால் வருகிற ஆண்களுக்கு அப்படித்தான் செய்வோம். ஒரு சாமிப் பிள்ளைக்கு அது தேவைப்படும் என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் காலை தர்ஷினி என்னைக் கூப்பிட்டு, சுவரில் இருக்கிற மணிக்கூடு இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். தாய் உடனே, பசியிலை கண் மங்குது மிஸ்ஸி என்றா. எனக்கும் அன்று காலை தலை இலேசாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனவே நானும் ஓம் என்றேன். டொக்டர் இரத்த முடிவுகளைக் கொண்டுவந்து, பொட்டாசியம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, நாலு நாளில் இப்படிக் குறையுமா என்றார். சத்தி எடுத்ததால் இருக்கும் என்றேன். அதற்கு மருந்து போட்டோம். குளுக்கோஸும் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் அவளை மலசலகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை அகட்டி அகட்டி வைத்தாள், படகுக்குள் நடக்கிறவள் மாதிரி. சுவரை விட்டுக் கையை எடுக்கவில்லை. பலவீனம் என்று நினைத்தேன். பிறகு உடம்பு துடைத்துவிடும்போது அந்தத் தழும்புகளைக் கிட்டத்தில் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தன. ஒரு வருடத் தழும்பு எங்கள் நிறத்துக்கு மங்கிக் கறுத்துப்போயிருக்கும். பார்த்தேன், மனதுக்குள் ஏதோ இடறியது. அதற்குள் பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டது. நீர்வேலியில் இருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அயலட்டைச் சனம், கோயில் சனம். தாய் எல்லாருக்கும் விரதத்தைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டே, "அம்மா, இந்தப் பித்தப்பை ஒப்பரேசன் போன வருசம்தானே?" என்று கேட்டேன். ஓம் மிஸ்ஸி என்றா. அத்தனை பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்லுவா? கேட்ட இடம் பிழை. கேட்டுவிட்டேன் என்ற திருப்தியோடு நான் போய்விட்டேன்.

ஆறாம் நாள். சூரன்போர் நாள். காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அவளிடம் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கருவிழி இரண்டும் நடுவில் நின்றபடி துடித்துக்கொண்டிருந்தன. சிரித்தாள்.

"நீங்கள் என்ரை ரியூசனிலை படிச்ச பிள்ளைதானே? போன கிழமை சோதினைக்கு ஏன் வரேல்லை?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டா. எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. அந்தச் சிரிப்பைக் கேட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலி செய்கிற முகம் இல்லை அது. அவள் உண்மையாகவே என்னை அந்தப் பிள்ளை என்று நம்பியிருந்தாள்.

நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன், மழை, பஸ் இல்லை என்று வரிசையாகச் சொன்னாள். நேற்று முழுநாளும் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். மழையும் பெய்யவில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டியைச் சுற்றினேன். மேல்கையில் தோல் தொய்ந்து பட்டிக்குள் மடிந்தது. அந்த ஒரு நிமிடம்தான். நான் என் கையைப் பார்த்தேன். நானும் ஆறு நாள் விரதம். என் சட்டைக் கை முதல் நாள் இருந்த மாதிரியே இறுக்கமாக இருந்தது. ஆறு நாளில் எந்தக் கந்தனும் ஒருத்தியின் தோலை இப்படித் தொங்கவிடமாட்டான். இது மாதக்கணக்கு. பதினெட்டு வருடம் விரதம் பிடித்தவளுக்கு இது தெரிய மூன்று நாள் எடுத்தது.

தாயைக் கூப்பிட்டேன். விடுதிக்குப் பின்னால் வெள்ளைத் துணிகள் அடுக்குகிற ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் சனத்திடம் உண்மை கேட்க ஒரு அறை வேண்டும், கதவு வேண்டும். கட்டிலடியில் கேட்டால் கிடைப்பது ஊருக்குச் சொல்கிற பதில்.

"அம்மா, நான் உங்களை ஏசுறதுக்குக் கூப்பிடேல்லை. அந்தத் தழும்பு புதுசு. எப்ப, எங்கை, என்ன செய்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"பித்தப்பை எண்டு சொன்னனான்தானே மிஸ்ஸி."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். வெளியே ஒரு சிற்றூழியர் வாளியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். ஓடிப்போய் முதலில் அதை நிறுத்தலாமா, இவவை விட்டால் பிறகு வாய் திறப்பாவா என்று தெரியவில்லை. கடைசியில் நான் செய்தது சரியோ பிழையோ இன்றைக்கும் தெரியாது. சாமியை இழுத்தேன்.

"நானும் கந்தசட்டி அம்மா. இண்டைக்கு ஆறாம் நாள். என்ரை மகள் விரதம் எண்டு கந்தனுக்கு முன்னாலை நிண்டு சொல்லுவியளோ?"

அவ அடுக்கியிருந்த துணியில் முகத்தை வைத்து அழுதா. பிறகு சொன்னா. ஆவணி மாதம் இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போய், இரைப்பையை வெட்டிக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். திருச்செந்தூர்ப் பிரசாதம் என்று அயலுக்கெல்லாம் கொடுத்தும் இருக்கிறா. வந்த நாளில் இருந்து சத்தி. புரட்டாதிக்குப் பிறகு தண்ணீர்கூடச் சரியாகத் தங்கவில்லை. அங்கே போன் எடுத்துக் கேட்டபோது உடனே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்களாம். காட்டவில்லை. விற்றமின் குளிசை கொடுத்திருந்தார்கள், அதுவும் சத்தியோடு வெளியே போனது. ஒப்பரேசனைப்பற்றி ஒரு கடிதமும் தந்திருக்கிறார்கள். அது வீட்டில் சாமியறை லாச்சிக்குள் பூட்டிக்கிடந்தது. கந்தசஷ்டி தொடங்கியபோது அவவுக்கு ஒரு நிம்மதி வந்ததாம். பிள்ளை சாப்பிடாததற்கு ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே என்று.

"கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். விசாரிக்க ஆக்கள் வருவினம். வயித்தை வெட்டினவள் எண்டு தெரிஞ்சால் என்ன சொல்லுவினம் மிஸ்ஸி? பிள்ளை சொல்லுவம், சொல்லுவம் எண்டுதான் நிண்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான்."

பிள்ளை சொல்லுவம் என்றுதான் நின்றவள். முதல் நாள் காலை அவள் "அம்மா..." என்று தொடங்கியபோது எனக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தாள். நான் தாயின் பதிலை டொக்டருக்கு மொழிபெயர்த்தேன். பிள்ளை வாய் திறந்ததையும் தாய் மூடியதையும் மொழிபெயர்க்கவில்லை. அதுவும் வரலாறுதான். அதை நான் சொல்லியிருந்தால் அந்த டொக்டர் விட்டிருக்கமாட்டார்.

ஓடினேன். சேலைன் குழாயை நானே பூட்டி நிறுத்தினேன். டொக்டரிடம் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவர் நேரே போனுக்குப் போனார். கன்சல்டன் மறுமுனையில் இருந்து சொன்னது எனக்கும் கேட்டது. தயமின், நாளத்தில், பெரிய அளவில், இப்போதே.

எங்கள் அலுமாரியில் இருந்தது ஆறு குப்பி. முதல் தடவைக்கே அது போதாது. இருந்ததைப் போட்டோம். மற்ற விடுதிகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். ஒரு இடத்தில் இரண்டு, ஒரு இடத்தில் மூன்று. பிச்சை எடுக்கிற மாதிரி எடுத்தேன், வெட்கப்படவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெட்டி இருக்கிறது, அம்புலன்ஸில் அனுப்புகிறோம் என்றார்கள். அரை மணித்தியாலப் பாதை. ஒன்றரை மணித்தியாலம் ஆகியும் வரவில்லை. சாரதிக்குப் போன் எடுத்தால் பின்னால் பறை சத்தம். சூரன்போருக்கு வீதியெல்லாம் சனம், வாகனம் நகராது என்றார். நான் வருடாவருடம் போய் நின்று கும்பிடுகிற அதே வீதி. அன்றைக்கு அந்தச் சனம் முழுவதின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அதற்கிடையில் தாய் என் பின்னால் வந்து, ரிக்கற்றில் மட்டும் எழுதவேண்டாம் என்று கெஞ்சினா. விடுதிச் சிற்றூழியர் ஒருத்தி அவர்களின் ஒழுங்கையில் இருக்கிற அயல்காரியாம். நான் எழுதத்தான் வேண்டும் என்றேன். இரகசியத்தை விடுதியில் இருந்து மறைக்கலாம், ரிக்கற்றில் இருந்து மறைக்க முடியாது. அடுத்த முறை வருகிறவர் அதைப் பார்த்துத்தான் ஊசி போடுவார். சமய விரதம் என்ற வரிக்குக் கீழே டொக்டர் உண்மையை எழுதினார். ஆனால் அந்த ரிக்கற்றைக் கட்டிலடியில் தொங்கவிடாமல் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என்னிடம் இருந்தது. இரண்டுக்கும் ஒரு வழி இருக்கும், தேடினால்.

பெட்டி வந்து சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. இரண்டாம் முறை மருந்து ஏறி முடிந்த பிறகுதான் கதிரையில் இருந்தேன். டொக்டர் எங்கிருந்தோ ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து முன்னால் வைத்தார், சீனி போட்டு. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நான் மறுநாள் பாரணைக்கு முதல் விரதத்தை முறித்தேன். குடித்துவிட்டு அழுதேன்.

அடுத்தநாள் காலை கண் அசையத் தொடங்கியது. மணிக்கூடு ஒன்றாகத் தெரிகிறது என்றாள். தாய் என் காலைப் பிடிக்க வந்தா, நான் விலகிவிட்டேன். பிறகு கொழும்புக்கு அனுப்பினோம். குறுகிப்போயிருந்த இரைப்பைப் பாதையை அங்கே விரித்துவிட்டார்கள், சத்தி நின்றது. நடை சரிவர மாதங்கள் பிடித்தன. ஆனால் ஞாபகம் திரும்பவில்லை. பழையது எல்லாம் இருக்கிறது. மூலகங்களின் அட்டவணையைத் தலைகீழாகச் சொல்லுவாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது. வகுப்பில் ஒரு கேள்வியைத் தொடங்கி, எதைக் கேட்டோம் என்று மறந்து நிற்கிறாள் என்று ரியூசனை விட்டுவிட்டாள்.

கன்சல்டன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தபோது டொக்டர், உத்தரவு எழுதியது நான் என்றார். வரலாறு சொன்னது நான் என்றேன். கன்சல்டன் ஏசவில்லை. கிழமைக்கணக்காகத் தயமின் இல்லாமல் இருந்த மூளை, உங்கள் இரண்டு நாள் குளுக்கோஸ் எவ்வளவு கெடுத்தது, வரமுதலே எவ்வளவு கெட்டிருந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அது உண்மைதான். அந்த உண்மையால் எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. எவ்வளவு என்று தெரிந்தால் அவ்வளவுக்கு வருந்திவிட்டு விடலாம். தெரியாததால் முழுவதையும் சுமக்கவேண்டி இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அவள் கிளினிக்குக்கு வந்தாள். மெலிந்து, வடிவாகச் சேலை உடுத்தி, ஒரு சின்னக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் அதில் எழுதிக்கொள்கிறாளாம். தாய் மருந்து எடுக்க வரிசையில் நின்ற நேரம் நான் அவளைப் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன். விரதம் என்று டொக்டருக்குச் சொன்னது நான், அந்தப் போத்தலைத் தொங்கவிட்டதும் நான், நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்காமல் விட்டதும் நான் என்றேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நல்ல மாணவி ஒருத்தி இருக்கிற மாதிரி.

"எனக்கு அந்த நாளுகள் ஒண்டும் ஞாபகமில்லை மிஸ்ஸி" என்றாள். "உங்களோடை கோவிக்கிறதெண்டாலும் ஞாபகம் இருக்கோணுமே."

சிரித்தாள். கேலியாகத்தான் சொன்னாள். பிறகு என் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக் கொப்பியில் எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுதி எனக்குக் காட்டினாள். 'கோவிக்கவேணும்' என்று இருந்தது. வீட்டை போய் ஆறுதலாகக் கோவிக்கிறன் என்றாள்.

அடுத்த மாதம் திரும்ப வந்தாள். என்னைப் பார்த்துப் புது ஆளைப் பார்ப்பதுபோல் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். சட்டையில் இருந்த என் பெயரை வாசித்தாள், கொப்பியைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றாள்.

"இதிலை உங்களோடை கோவிக்கவேணும் எண்டு எழுதியிருக்கு" என்றாள். "ஏன் மிஸ்ஸி?"

நான் கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு முன்னால் இருந்து, முதலில் இருந்து சொன்னேன்.